தொட்டிக்குள் ஒரு மூட்டை உப்பு

உப்பு மூட்டையைத் தொட்டிக்குள் கொட்டியபோது, கத்தி வெட்டியிருந்த என் விரல் எரிந்த எரிவு... அப்பப்பா!

அப்போது எங்களுக்குக் கலியாணமாகி இரண்டு வருடம். கோப்பாயில் வீடு, பின்னால் வெங்காயத் தோட்டம். போரில் இவருக்கு ஒரு கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. அதற்குப் பிறகு மனிசன் வாயைத் திறந்தால் ஒரே பல்லவிதான்.

"உமக்கு நான் பாரமப்பா."

சாப்பாடு போட்டாலும் பாரம், சட்டை தோய்த்தாலும் பாரம். கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வரும். குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் அழுவேன்.

ஒருநாள் சொந்தக்காரரின் வான் வண்டியில் கசூரினா கடற்கரைக்குப் போனோம். இடுப்பளவு தண்ணீரில் இவரை மெல்லச் சரித்து, பிடரிக்குக் கீழே கையை வைத்தேன். ஆள் மிதந்தார்!

"எங்கையப்பா பாரம்? இப்ப சொல்லுங்கோ பாப்பம்!"

சிரித்தார். கால் போனபிறகு நான் கண்ட முதல் சிரிப்பு அது.

ஆனால் கிழமைக்குக் கிழமை கடலுக்குப் போக வான் ஏது? எங்கள் கிணற்றடித் தொட்டியை நிரப்பி இவரை இறக்கிப் பார்த்தேன். இடுப்பு நேரே அடியில் போய் இருந்தது. முகம் பழையபடி கறுத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் கனம். அதனால்தான் கடல் ஆளைத் தூக்குகிறது... அடுத்தநாளே ஒரு மூட்டை உப்பு வாங்கிவந்து கொட்டி, மட்டையால் கலக்கினேன். கடல் தண்ணீர் மாதிரிக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்து வைத்துப் பார்த்தேன்.

மிதந்தார். காதுவரை தண்ணீர், கண் மூடியபடி... அரை மணித்தியாலம் அப்படியே கிடந்தார்.

பிறகுதான் பிழை நடந்தது. எங்கள் பக்கம் குளித்த தண்ணீரைக்கூட யாரும் வீணாக்குவதில்லை. தொட்டியைத் திறந்தால் வாய்க்கால் வழியே பயிருக்குத்தான் போகும். இவர் பழக்கதோஷத்தில் அடைப்பைப் பிடுங்கிவிட்டார். நானும் துவாயோடு சிரித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு உப்பும் இரண்டு வெங்காயப் பாத்திக்குள்!

சில நாளில் இரண்டு பாத்தியும் கருகிப் படுத்துவிட்டன. இனி இந்த மனிசன் எழும்பாது என்றே பயந்தேன். ஊன்றுகோலோடு வரம்பில் கனநேரம் நின்றார்.

"மழை வந்து உப்பைக் கழுவட்டும். பிறகு நான் நிலத்திலை இருந்துகொண்டு நடுறன். நீர் வெங்காயத்தை எடுத்துத் தாரும்."

"உங்களாலை ஏலுமே?"

"ஓமப்பா, ஏலும்."

மாரி முடிந்ததும் சொன்னபடியே நட்டார். பாரம் என்ற பேச்சு அதோடு நின்றுவிட்டது.

இப்போது செயற்கைக் கால், மூன்று சில்லு ஸ்கூட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகவே கடலுக்குப் போய் நீந்திவிட்டு வருகிறார். அவருக்கு என் கை தேவையில்லை. சந்தோஷம்தான்... ஆனாலும் சில ஞாயிறுகளில் மனம் கேட்பதில்லை.

"இண்டைக்கு நானும் வாறன். சும்மா... பிடரியைப் பிடிக்கிறன்" என்று சொல்லி, வெட்கமில்லாமல் பின்னால் ஏறி இருந்துவிடுகிறேன்.