மீன் பெட்டியில் பறந்த மெழுகுக் கட்டி

என் கழுத்திலிருந்து எடுத்த ஒரு துண்டு, என்னை விட்டுவிட்டுத் தனியாக விமானம் ஏறிச் சென்னைக்குப் போனது. அந்த நேரத்தில் நான் எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில், படகு டிக்கெட் ஆபீஸில் உட்கார்ந்து, ஹேவ்லாக் தீவுக்குப் போக வந்திருந்த ஒரு குடும்பத்திடம் "கடல் ரஃப்பா இருக்கு சார், போட் கேன்சல், நாளைக்கு வந்து பாருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன். காத்திருக்கச் சொல்வதுதான் என் வேலை. காத்திருக்க மட்டும் எனக்குத் தெரியாது.

காதுக்குக் கீழே ஒரு கட்டி. சுண்டைக்காயாக இருந்தது நெல்லிக்காயானது, வலிக்கவே இல்லை. "வலிச்சிருந்தா எனக்கு இன்னும் நிம்மதியா இருந்திருக்கும்" என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. கட்டியை எடுத்துவிட்டுத் தையல் போட்டார்கள். முதல் சோதனையில் முடிவு தெளிவாக வரவில்லை. வெறும் வீக்கமாக இருக்கலாம், நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம். இன்னொரு சாயச் சோதனை செய்தால்தான் தெரியும். அது மெயின்லேண்டில்தான்.

"நான் சென்னைக்குப் போகணுமா டாக்டர்?"

"நீ எதுக்கும்மா? இது போனாப் போதும்."

அவர் நீட்டியது ஒரு மெழுகுக் கட்டி. தீப்பெட்டியைவிடச் சின்னது. பிளாஸ்டிக் சட்டத்துக்குள் மெழுகு, மெழுகுக்கு நடுவில் பழுப்பாக ஒரு துணுக்கு. அந்தத் துணுக்கு நான்தான்.

எங்கள் தீவில் மெயின்லேண்டுக்குப் போகிற யாரும் வெறும் தன் பெட்டியோடு போய்விட முடியாது. டிக்கெட் போட்ட செய்தி கசிந்தால் போதும், தெருவே ஆளுக்கொரு பார்சலைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும். அந்த வாரம் எங்கள் பகுதியான டெய்ரி ஃபார்மில் பக்கத்து வீட்டு டீச்சர் அக்கா ஊருக்குக் கிளம்பினார். சென்னை விமான நிலையத்தில் மாமா வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. எனக்கு டியூட்டி இருந்ததால், மெழுகுக் கட்டியை ஒரு கவரில் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். அக்காவின் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். அப்பா படகு வைத்திருப்பவர். எங்கள் ஆட்கள் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்து இங்கே வலை போட்டவர்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"அக்கா பையிலதான வச்சீங்க?"

"பையிலயா? உங்க மாமனுக்குச் சுர்மை மீனு ஒரு பெட்டி போட்டேன்லா, அதுலயே வச்சிட்டேன். ரெண்டு பக்கமும் நல்லா ஐஸ் போட்டு, நடுவுல வச்சு, டேப்பும் ஒட்டியாச்சு."

"மீனோடயா!"

"சதைதானளா அது? இந்த வெயில்ல கெட்டுப் போயிறாதா?"

அம்மா கையிலிருந்த கரண்டியோடு அடுப்பிலிருந்து திரும்பினாள். "அறிவு இருக்கா உங்களுக்கு? பிள்ளையோட உசுரு அதுல இருக்கு, கொண்டுபோய் மீனுக்குள்ள சொருகிருக்கியளே!"

நான் மாமாவுக்கு போன் போட்டேன். எடுத்தது அத்தை. மீனை வெட்டிக் கழுவி முடித்திருந்தாள். "கவர்ல மெழுகு மாதிரி ஒண்ணு இருந்துச்சே, அதுவா? மீனு கெடாம இருக்கப் போட்ட மருந்துன்னு நெனச்சேன். தூக்கிப் போட மனசு வரல, ஃப்ரீசர்ல வச்சிருக்கேன்."

ஃப்ரீசரில்! டாக்டரைக் கூப்பிட்டு ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, போனைக் காதிலிருந்து விலக்கினேன்.

"மெழுகு உருகாம இருந்தாப் போதும்மா. கார்ல வெயில்ல வச்சிருந்தாதான் வம்பு. எழுதின நம்பர் அழியலையே? அப்ப சரி. மீன் வாசத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்ல."

நம்பர் அழியவில்லை. மாமா மறுநாளே லேபில் கொடுத்தார். அந்த இரவு நானும் அம்மாவும் சிரித்தே ஓய்ந்தோம். கட்டி வந்ததற்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தது அன்றுதான்.

சிரிப்பு விடியும்வரைகூடத் தாங்கவில்லை. ரிசல்ட்டுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம் என்றார்கள். நான் போனில் தேடினேன். படித்த பெண் அல்லவா, நன்றாகத் தேடினேன்! எத்தனை வகைப் புற்று, எதற்கு என்ன மருந்து, எல்லாம் மனப்பாடம். கழுத்தின் மறுபக்கத்தைத் தடவித் தடவி அங்கேயும் தோலைச் சிவக்க வைத்தேன். சோறு இறங்கவில்லை. ஒரு நாள், நீல் தீவுக்குக் கேட்ட பயணிக்கு ஹேவ்லாக் டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பினேன்.

என் பக்கத்து மேஜைத் தோழி வங்காளிப் பெண். தீவு ஹிந்தியில்தான் எங்கள் பேச்சு முழுக்க. என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"பஸ்! தைரனா ஆத்தா ஹை க்யா?" போதும், நீச்சல் தெரியுமா என்கிறாள்.

தெரியாது. அதைக் கேட்டதும் அவளுக்குத் தாங்கவில்லை. மீன்காரர் மகளுக்கு நீச்சல் தெரியாதா என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள்.

தையல் ஆறிவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கார்பைன்ஸ் கோவ் கடற்கரைக்குப் போனோம். கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை நின்றது. குளிக்கிற இடத்தைச் சுற்றி வலை கட்டியிருந்தார்கள். "பயப்படணும்னு ஆசையா இருந்தா இதுக்குப் பயப்படு, இதுக்காவது பல்லு இருக்கு" என்றாள் ஹிந்தியில்.

மிதக்கத்தான் முதலில் கற்றுக்கொடுத்தாள். நான் கல்லாக மூழ்கினேன். ஏன் என்று எனக்கே பிறகுதான் புரிந்தது. தையல் போட்ட நாளிலிருந்து, தளும்பத் தளும்ப நீர் நிரப்பிய குடத்தைச் சுமப்பதுபோலத் தலையைத் தூக்கிப் பிடித்தே நடந்திருக்கிறேன். தண்ணீரிலும் அதை விடவில்லை.

"அரே, கர்தன் டீலா சோட்!" கழுத்தைத் தளர விடு, விடு என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

ஒரு மாலை விட்டுவிட்டேன். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காதுகள் தண்ணீருக்குள் போயின. உள்ளே பொரி பொரிகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குமேல் என் மூச்சு. மேலே வானம் மட்டும். தலைக்கடியில் அவள் கை இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவளோ எட்டி நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு வேலை முடிந்தால் கடல்தான். பயம் போகவில்லை. ஆட்டோவில் என் மடியிலேயே உட்கார்ந்து வந்தது. ஆனால் நான் மிதக்கிற நேரம் என்னுடையதாக இருந்தது. திரும்பி வரும்போது பசித்தது. இரண்டாம் முறை சோறு கேட்டபோது அம்மா பானையையே என் பக்கம் நகர்த்தினாள்.

செய்தி வந்தபோதும் மிதந்துகொண்டுதான் இருந்தேன். கரையில் என் போனோடு இருந்த தோழி துள்ளினாள். "மெயின்லேண்ட் ஸே! மாமா கா வாய்ஸ்!" மாமா குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் கழுத்து இறுகவில்லை. அதை அந்தக் கணமே கவனித்தேன், என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு காலை ஊன்றி நடந்து வந்து, உப்புநீர் சொட்டச் சொட்டக் கேட்டேன்.

"ஏ மருமவளே, ஒண்ணுமில்லளா! வெறும் வீக்கந்தானாம். புத்து கெடயாதாம், அடிச்சுச் சொல்லுதாவ. டாக்டருக்கும் அனுப்பிட்டேன். அத்த இங்க அழுதுகிட்டு நிக்கா. அடுத்த பெட்டி எப்ப வரும்னும் கேக்கா."

அவளுக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். இருவரும் போட்ட கூச்சலில், முதலைதான் வந்துவிட்டதென்று இரண்டு குடும்பங்கள் கரையேறி ஓடின.

சில மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எடுத்தால் போயிற்று. அதுவரை முதுகுப் பக்கமாக நீந்தவும் பழகிவிடலாம்.

அப்பாவுக்குத்தான் கால் தரையில் இல்லை. படகுத்துறையில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டார். "நான் ஐஸ்ல வச்சு அனுப்புனேன்லா? கெடாம போய்ச் சேர்ந்துச்சு, நல்ல ரிசல்ட்டா வந்துட்டு!" நான் திருத்தவில்லை.

அடுத்த வாரம் தெருவில் இன்னொருவர் மெயின்லேண்டுக்குக் கிளம்பினார். அப்பா பெட்டியில் சுர்மையை அடுக்கி, ஐஸ் கொட்டி, நடுவில் கொஞ்சம் இடம் விட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏளா, உன் பங்குக்கு எதுவும் வைக்கணுமா?"

"இந்தத் தடவ மீன் மட்டும் போவட்டும்ப்பா."

அவர் அந்த இடத்திலும் ஒரு மீனைத் திணித்து, டேப்பைச் சர்ரென்று இழுத்தார்.