அக்கா சொன்ன வார்த்தைகள் சரியானவை

அக்கா நம்மைவிட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு ஒரே கோயிலில் முழந்தாளிட்டவர்களுக்கும், என் சபைச் சகோதரர்களுக்கும் என் வணக்கம்.

"அம்மாவைப் பற்றி நீங்கதான் மாமா எழுதணும். எங்களுக்குத் தெரியாததெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்" என்று அக்காவின் பெண்கள் ஸ்டெல்லாவும் ரீட்டாவும் கேட்டார்கள். அவர்கள் நினைத்ததைவிட அது பெரிய உண்மை. அவர்களுக்குத் தெரியாத ஒன்றை நான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருக்கிறேன். அதை விட்டுவிட்டு அக்காவின் நற்குணங்களை மட்டும் எழுதினால், ஒரே தவற்றை இரண்டாம் முறை செய்தவன் ஆவேன்.

அக்கா பிறந்தது செம்பரம்பாக்கம் ஏரியை அடுத்த ஒரு குடியிருப்பில். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள், பரம்பரையாகக் கத்தோலிக்கர்கள். அக்காவுக்கு எட்டு வயதாகும்போது நான் பிறந்தேன். என் மூன்றாவது வயதில் அம்மாவும், ஏழாவது வயதில் அப்பாவும் போய்விட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அக்கா சூளையில் செங்கல் சுமந்தார். மழை வந்து சூளை நின்றால் நாற்று நடப் போனார். என்னைப் பூந்தமல்லியில் விடுதிப் பள்ளியில் சேர்த்தார். விடுமுறைக்கு நான் வந்தால், கல் சுமந்து தோல் உரிந்த கையால் என் காதைப் பிடித்துக்கொண்டு ஞானோபதேசக் கேள்விகள் கேட்பார். கோயிலில் அதைச் சொல்லித்தரும் உபதேசியார் வாயிலிருந்து கேட்டே மனப்பாடம் செய்தவர் அவர். அவரிடம் ஒரு சொல் முன்னே பின்னே போகாது. நான்தான் பிசகுவேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவடித் தொழிற்சாலையில் வேலை செய்த அத்தானுக்கு அக்கா வாழ்க்கைப்பட்டு, பூந்தமல்லியில் குடியேறினார். ஸ்டெல்லாவும் ரீட்டாவும் பிறந்தார்கள். எனக்கு அறுபதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில், போல்ட்டும் நட்டும் செய்யும் சிறிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் வேலை கிடைத்தது. காலை முதல் மாலை வரை ஒவ்வொன்றையும் கேஜ் என்ற அளவுகோல் வைத்துப் பார்ப்பேன். பொருந்தினால் இந்தப் பெட்டி, பொருந்தாவிட்டால் அந்தப் பெட்டி. உடன் வேலை செய்த ஒருவர் என்னை ஒரு சபைக்கு அழைத்துப் போனார். அங்கே வேதப்புத்தகம் ஒன்றுதான் பேச்சு. சாமியார் சொன்னார், முன்னோர் செய்தார் என்பதெல்லாம் செல்லாது. எதற்கும் வசனம் வேண்டும். என் மனதுக்கு அது கேஜ் போலவே இருந்தது. அம்பத்தூர் ஏரியில் முழுகி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு, ஈரத்துணிப் பையோடு அக்கா வீட்டுக்கு வந்து நின்றேன்.

"ஏரியில முயுவி எயுந்தியா? அப்ப கொயந்தையில உனக்குக் குடுத்தது இன்னாச்சுடா, பூஞ்சை புடிச்சிப்போச்சா?" என்றார் அக்கா.

"அது ஞானஸ்நானமே இல்லக்கா. விசுவாசிச்சவன்தான் எடுக்கணும். குழந்தைக்குக் குடுக்கச் சொல்லி வசனம் எங்கே இருக்கு, காட்டு."

அத்தான் சிரித்துவிட்டார். "வாய்யா வசனம்! மீன் கொயம்பு வெச்சிகீது உங்க அக்கா. துன்றதுக்கு வசனம் கீதா, இல்ல நானே துன்னட்டா?" அன்று முதல் அவருக்கு என் பெயரே 'வசனம்' ஆயிற்று.

அக்கா சிரிக்கவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "இந்தப் புஸ்தகத்த உன் கையில யாருடா குடுத்தா?"

"சபையில ஒரு அண்ணன்."

"அவருக்கு?"

"வேற யாராவது குடுத்திருப்பாங்க."

"அப்பிடியே போய்க்கினே இருந்தா எங்க போய் நிக்கும்? யாரோ சில பேரு, இதுதான் வேதம், வெச்சிக்கோன்னு சொல்லித்தானே குடுத்துகிறாங்க? குடுத்த கையை நம்பமாட்டே, குடுத்ததை மட்டும் நம்புவியா?"

"கை தவறும்க்கா. எழுதினது தவறாது" என்றேன். ஐந்தாம் வகுப்புப் படித்த பெண்ணுக்கு நான் சொன்ன பதில் அது. அவர் எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார். எங்கள் சண்டைகள் எல்லாம் அவ்வளவில்தான் முடியும்.

அறுபதுகளின் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமைப் பகலில் நான் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். பெண்கள் இருவரும் அடுத்த தெருவில் இருந்தார்கள். அக்காவுக்கு ஏழாவது மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டு பாத்திமா பீதான் மருத்துவச்சியைக் கூட்டி வந்தார். ஆண் குழந்தை. என் உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. மூச்சு சரியில்லை என்று மருத்துவச்சி டாக்டரைத் தேடி ஓடினார். கதவுக்கு வெளியே நின்ற என்னை அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, தண்ணி எடு. புள்ள தங்காதுபோல கீது. நீ ஊத்துடா. எனக்கு எயுந்துக்க முடில."

என் சபையாருக்காக ஒரு வார்த்தை. சாகும் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அருகில் இருப்பவர் யாரானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, உரிய வார்த்தைகளைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கர் வழக்கம். அக்கா என்னிடம் கேட்டது அதைத்தான். அந்த வார்த்தைகளை எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

"அக்கா, அது வேதத்துல இல்ல. என் மனசாட்சி ஒத்துக்காது" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நான் எங்கே போய்விட்டேன் என்று தேடுவதுபோல் பார்த்தார்.

பாத்திமா பீக்குத்தான் கோபம் வந்தது. "இன்னா தம்பி, பெத்தவ கேக்குறா, ஒரு கை தண்ணி. ஊத்தினா கையி தேஞ்சிடுமா?" என்று சொல்லிவிட்டு, அவரே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அக்காவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் மார்பில் அவரைச் சாய்த்து நிமிர்த்தினார். அக்கா வலக்கையால் தண்ணீரை அள்ளிக் குழந்தையின் தலையில் ஊற்றினார். பிதாவின் பெயரைச் சொல்லி ஒரு முறை, சுதனின் பெயரைச் சொல்லி ஒரு முறை, பரிசுத்த ஆவியைப் பழைய வழக்கப்படி இஸ்பிரீத்துசாந்து என்று பெயர் சொல்லி ஒரு முறை. எங்கள் அப்பாவின் பெயரையே வைத்தார்: சூசை. தண்ணீரின் குளிர் பட்டுக் குழந்தை நெற்றியைச் சுருக்கியது. கால்மணி நேரம் கழித்து மூச்சு நின்றது. டாக்டர் அதன் பிறகுதான் வந்தார்.

அக்காவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அத்தான் வந்ததும் அக்காவின் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. அதனால் குழந்தையை அடக்கம் செய்வதுபற்றிப் பேச, சைக்கிளில் சாமியாரிடம் போனவன் நான். அவர் அந்தப் பங்குக் கோயிலுக்குப் புதிது. எங்கள் குடும்பத்தை அறியாதவர். ஞானஸ்நானம் பெற்ற குழந்தையானால் மந்திரித்து ஆசீர்வதித்த கல்லறைத் தோட்டத்துக்குள் ஜெபத்தோடு அடக்கம். பெறாததானால் மதிலுக்கு வெளியே. அன்றைய ஒழுங்கு அது. அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்க கூட இருந்தீங்களா? குழந்தை உயிரோட இருக்கும்போதே ஊத்தினாங்களா? வார்த்தை சரியாச் சொன்னாங்களா?"

மூன்று கேள்விக்கும் ஆமாம் என்பதுதான் பதில். நான் அதைச் சொல்லவில்லை. "அது ஞானஸ்நானம் இல்லை. அதுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது" என்றேன். ஏரியில் முழுகியவன், கத்தோலிக்கச் சாமியாரின் முன்னால் உறுதியாக நின்றுவிட்டதாக எனக்கு உள்ளே ஒரு பெருமிதம். நான் வேறு சபை என்பது அவருக்குத் தெரியாது.

"வார்த்தையில ஏதாவது பிசகா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் பேசாமல் நின்றேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து, "செல்லாதுன்னு சொல்லிட்டார். வார்த்தையில ஏதோ பிசகாம்" என்றேன். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பினார். "நீதான்டா பாத்துக்கினு இருந்தே. நான் எதை உட்டேன்?"

"ஞாபகம் இல்லக்கா" என்றேன். சாமியாரிடம் நான் மறைத்தது பாதிப் பொய் என்றால், இது முழுப் பொய்.

மதிலுக்கு வெளியே, தெற்கு மூலையில் அத்தானும் நானும் குழி தோண்டினோம். யாரும் ஜெபம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாமியார் அக்காவைப் பார்க்க வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "என் தப்புதான் சாமி. வாய் கொயறிடுச்சு" என்று அழுதார். அவர் ஆறுதல் சொல்லிப் போனார். அத்தோடு உண்மை வெளிவரும் வழியும் அடைபட்டுப்போயிற்று. பாத்திமா பீ மட்டும், "உங்க ஓதுற வார்த்தை எனக்குத் தெரியாது. ஆனா மூணு தபா ஊத்திச்சு, தெளிவாத்தான் சொல்லிச்சு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவரிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை.

அக்கா தன் திருச்சபையின் சொல்லை முழுமனதோடு நம்பினார். அந்தச் சொல் என் சொல்லின்மேல் நின்றது. கை தவறும் என்று நானே சொன்னேன். தவறிய கை என்னுடையது.

ஸ்டெல்லா, ரீட்டா, நீங்கள் கர்ப்பமாக இருந்தபோதெல்லாம் அம்மா உங்களை உட்காரவைத்து அந்த வார்த்தைகளை மூன்று மூன்று முறை சொல்லச் சொல்லுவார். தெருவில் கர்ப்பமான பெண் யாராக இருந்தாலும், உங்கள் கோயிலைச் சேர்ந்தவள் என்றால் விடமாட்டார். "என்னை மாரி தப்பு பண்ணாதீங்கடி" என்பார். நீங்கள் அதை அம்மாவின் பக்தி என்று சிரித்தீர்கள். அது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

எழுபதுகளில் ஒரு கல்லறைத் திருநாளன்று அக்காவோடு போனேன். அப்பா, அம்மா கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மதிலைச் சுற்றி வெளியே வந்து, தெற்கு மூலையில் இன்னொன்றை ஏற்றினார். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. முந்தானையை விரித்துக் காற்றைத் தடுத்துக்கொண்டு கேட்டார்: "உன் புஸ்தகத்துல இந்த மாரி புள்ளைங்க எங்க போவும்னு எயுதிகீதா?"

"தெரியலக்கா" என்றேன்.

"சாமியாரும் தெரியலன்னுதான் சொல்றாரு. ரெண்டு பேருக்கும் தெரியலன்னா, ஆண்டவரு தன் கையிலேயே வெச்சிக்கினு கீறாருன்னு அர்த்தம்" என்று சொல்லி என் தோளைத் தட்டினார். எனக்கு அவர் ஆறுதல் சொன்னார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அக்காவை இழந்துவிடுவேன் என்று பயந்தேன்.

அக்கா அதற்குப் பிறகும் எனக்குச் செய்யாதது இல்லை. என் திருமணம் எங்கள் சபை முறைப்படி நடந்தது. ஜெபமாலையை மடியில் மறைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அத்தான் இறந்த பிறகும் யாருக்கும் பாரமாக இல்லை. கடைசி மாதங்களில் நினைவு தப்பியது. என்னை அத்தான் என்று நினைத்து, வேலைக்கு நேரமாயிற்று என்பார். ஒரு நாள் அந்த மூன்று பெயர்களையும் முணுமுணுத்துவிட்டு, "சரியாச் சொன்னேனா?" என்று கேட்டார். "சரியாத்தான் சொன்னேக்கா. அன்னிக்கும் சரியாத்தான் சொன்னே. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். இரண்டு முறை சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

இன்றும் நான் அதே சபையில்தான் இருக்கிறேன். அதே புத்தகத்தைத்தான் தினமும் வாசிக்கிறேன். திருச்சபையின் வாக்கா, வேத வசனமா, எதற்கு அதிகாரம் என்று எங்களுக்குள் நடந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்பது அக்காவின் ஞானோபதேசத்திலும் இருந்தது, என் புத்தகத்திலும் இருந்தது. அதை மீற எனக்கு எந்த வசனமும் தேவைப்படவில்லை.

கடைசிவரை அக்காவைக் குழந்தையைப்போல் பார்த்துக்கொண்ட ஸ்டெல்லாவுக்கும் ரீட்டாவுக்கும் அவர்கள் வீட்டாருக்கும், சவப்பெட்டியைத் தோளில் சுமந்த பங்கு இளைஞர்களுக்கும், அடக்கத்தன்று எங்கள் எல்லாருக்கும் சோறு கொண்டுவந்த பாத்திமா பீயின் பிள்ளைகளுக்கும் நன்றி. அவர்கள் தாயார் அன்று கொண்டுவந்த அந்தச் சொம்புத் தண்ணீருக்கு என் நன்றி போதாது.

மருமக்களே, இந்தப் பக்கத்தைச் சாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அன்று அந்தச் சாமியார் கேட்ட கேள்விகளுக்கு இப்போது பதில் சொல்கிறேன். நான் கூட இருந்தேன். அக்கா மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். வார்த்தைகள் ஒன்றும் பிசகவில்லை. குழந்தையின் பெயர் சூசை. அவன் உயிரோடு இருந்தான். தண்ணீர் பட்டதும் நெற்றியைச் சுருக்கினான். நான் பார்த்தேன்.

அன்புத் தம்பி