விரலை நீட்டும் வரை

என் மூன்று வயது மகளுக்கு ஆட்டிசம் இருக்கிறது. வேண்டியதை அவளே சுட்டிக்காட்டும் வரை கொடுக்காமல் காத்திருக்கச் சொன்னார், ஸ்ரீவில்லிபுத்தூரில் பயிற்சி தரும் டீச்சர். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் அந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது? அவள் முறுக்கு டப்பாவைப் பார்த்தாலே போதும், என் கணவரின் அக்கா எடுத்து நீட்டிவிடுவார்.

"செத்த நேரம் பொறுங்க மதினி. அவளே கேக்கட்டும்."

"பச்சப்புள்ளைய ஏங்க விட்டுத்தான் சொல்லிக் குடுக்கணுமாக்கும்?"

எத்தனை முறைதான் விளக்குவது? நேற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். மகள் அழுதாள், என் கையைப் பிடித்து இழுத்தாள். கடைசியில் விரலை நீட்டிக் காட்டினாள். நான் மூடியைத் திறப்பதற்குள் மதினி அடுப்படியிலிருந்து பிஸ்கட்டோடு வந்துவிட்டார். நீட்டிய விரலை மடக்கி, மகள் அதை வாங்கிக்கொண்டாள்.