பாலம் வரைக்கும்

கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் பூசைக்குப் போகிற கோயிலில், சுவாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்தின்போது சின்னக் கைமணி ஒன்று அடிப்பார்கள். எல்லோரும் தலை குனிவார்கள். எனக்கு மட்டும் அந்த நேரத்தில் இங்கிலாந்தின் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் விடும், பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடிவருவார்கள், என் அண்ணை செருமிவிட்டு "பிள்ளை, நிக்கிறியே?" என்பார்.

இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நானும் நம்புகிற ஆள் இல்லை. பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழும்பிப் போய்விடுகிறவள். இப்போதும் அண்ணை ஆவியாக வந்தார் என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போவது உயிரோடிருக்கிற என்னைப் பற்றியது.

அண்ணை அந்தக் கிராமத்தில் கடை வைத்திருந்தார். பால், பேப்பர், லொத்தர் சீட்டு. அந்த ஊரில் ஒரே தமிழ்க் குடும்பம். பின்னேரம் மூன்றேகாலுக்கு மகள் மரீனாவைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். எனக்கு அப்போது இங்கே காலை பத்தேகால், பேக்கரியில் முதல் பிறேக். காதில் போன் வயரை மாட்டிக்கொண்டு, தலையில் வேலைக்குப் போடுகிற நீல வலையோடு, கையெல்லாம் மாவோடு பின்கதவுப் படியில் இருப்பேன். பள்ளிக்கூடம் விடுகிற கைமணி போனில் கேட்கும், மரீனா முன்னால் ஓடிவிடுவாள். அவர் நடப்பார், நான் கேட்பேன். ஐந்து வருடம் இப்படித்தான்.

"பள்ளிக்கூடச் சுவர் முடிஞ்சுது, இனிக் கோயில்" என்பார். கல்லறைகள் சாய்ந்து நிற்கிற பழைய கோயில், பிறகு வாத்துக்குளம், பிறகு ஒராள் மட்டும் போகக்கூடிய கல்பாலம், அதற்கு அப்பால் செம்மறிகள், மலைச்சரிவில் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு தெரிய வெட்டிய பெரிய வெள்ளைக் குதிரை.

"குதிரை இண்டைக்கும் அங்கதான் நிக்குது. நீ வந்தாத்தான் வெளிக்கிடுமாம்."

"அப்ப எனக்கும் சேத்து ரிக்கெற்றைப் போடச் சொல்லுங்கோ குதிரையை."

சிரிப்பார். அடுத்த கோடை, அடுத்த கோடை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். லீவு இல்லை, வீடு மாறுகிறோம், மகனுக்குப் பரீட்சை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் சிரிக்கவில்லை.

"நீ வரமாட்டாய். நான் செத்தாத்தான் வருவாய்."

"உப்பிடிக் கதைக்கிறதெண்டா இனி எடுக்காதேங்கோ" என்று வைத்துவிட்டேன்.

திங்கள் எடுத்தார். செவ்வாய், புதன், வியாழனும் எடுத்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கோப்பி குடித்தேன். கோபத்தில் குடித்த அந்த நான்கு கோப்பியும் இன்னும் என் தொண்டையில் நிற்கின்றன. வெள்ளி காலை, கடையின் ஷட்டரை உயர்த்தும்போது விழுந்த அண்ணை எழும்பவேயில்லை.

அவர் சொன்னபடிதான் போனேன். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் மரீனா திரும்பப் பள்ளிக்கூடம் போனாள். மரீனாவின் தாயான என் மச்சாளால் படுக்கையை விட்டு எழும்ப முடியவில்லை, பின்னேரம் கூட்டிவர நான் வெளிக்கிட்டேன். யாரிடமும் வழி கேட்கவில்லை. செம்மறிகள், பாலம், குளம், கோயில் என்று எல்லாம் தலைகீழ் வரிசையில், அவர் சொல்லி வைத்த இடத்திலேயே நின்றன. அழுதுகொண்டேதான் நடந்தேன். மலைப்பக்கம் நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

பள்ளிக்கூட வாசலில், வட்டப் பலகை பிடித்துப் பிள்ளைகளை வீதி கடக்கவிடுகிற வயதான வெள்ளைக்கார மனிசி நின்றாள். என்னைக் கண்டதும் பலகையைச் சுவரில் சாத்திவிட்டு வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அண்ணையைப் போல நல்ல மனிதர் இல்லை என்றாள். அவள் பேசியது ஆங்கிலம், எனக்குள் அது எங்கள் பேச்சாகத்தான் கிடக்கிறது.

"இண்டைக்குத்தான் உங்களை அந்த நீல வலை இல்லாமப் பாக்கிறன்" என்றாள்.

நான் கனடாவிலிருந்து வந்தவள், இந்த ஊருக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை என்றேன். பகிடி என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு நாளும் அவரோட பாலம் வரைக்கும் போறனீங்கள் தானே. கையெல்லாம் மா. பள்ளிக்கூடக் குசினிக்குப் புதுசா வந்த ஆளெண்டு நினைச்சிருந்தன்."

அண்ணை போனில் என் படத்தைக் காட்டியிருப்பார் என்கிறான் என் மகன். அந்த வலையோடு நான் ஒரு படமும் எடுத்ததில்லை, அவரோடு வீடியோவில் கதைத்ததுமில்லை. மச்சாளைக் கண்டிருப்பாள் என்கிறார்கள். மச்சாள் அந்த நேரத்தில் கடையை விட்டு அசைந்ததேயில்லை. சரி, கிழவிக்குக் கண் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், நானும் பல நாள் அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் மரீனா வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் திரும்பியபோது, அந்த மனிசி என் தோளைத் தொட்டுக் கேட்டதை மட்டும் எங்கும் வைக்க முடியவில்லை.

"எப்பவும் அவர்தானே கதைப்பார், நீங்கள் கேட்டுக்கொண்டு போவீங்கள். அந்தக் கடைசி நாலு நாளும் நீங்கள்தான் விடாமக் கதைச்சீங்கள், அவர் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். நான் கேக்கக் கூடாதுதான். அவ்வளவு நேரமா அவருக்கு என்ன சொன்னனீங்கள்?"