சம்பந்தி வீட்டுக் கசப்பு

மகள் விரும்பிய இத்தாலியப் பையனின் வீடு செயின்ட்-மிஷேலில் இருந்தது. நாங்கள் இருந்த வில்லரேயிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். முதன்முறை புறப்படும்போதே நான் சொல்லிவிட்டேன்: அவர்கள் எங்களை மதிக்காவிட்டால் இந்தக் கலியாணம் நடக்காது. கணவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினார்.

பையனுக்குத் தாய் மட்டும்தான். கதவைத் திறந்ததும் என் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். அதுவே எனக்குச் சந்தேகம். முன்பின் தெரியாதவள் ஏன் இவ்வளவு ஒட்டுகிறாள்? பிறகு பெரிய கிளாஸ்களில் சிவப்பாக ஏதோ வந்தது. ஐஸ், மேலே தோடம்பழத் துண்டு. பசியைக் கிளப்பச் சாப்பாட்டுக்கு முன் குடிக்கும் மதுவாம்.

"வெறி பெரிசா இல்லை அம்மா, ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ" என்றாள் மகள்.

வேப்பங்கொழுந்தை அரைத்துக் கரைத்த மாதிரிக் கசந்தது.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு முதலில் இனிப்புத்தான் கொடுப்போம். இந்த மனுசி கசப்பைக் கொடுத்தால் என்ன அர்த்தம்? வேண்டாம் என்று வாயால் சொல்ல முடியாமல் இப்படிச் சொல்கிறாள் என்று முடிவுகட்டினேன். கசாயம் குடித்த பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் முடித்தேன். உடனே மறுபடி நிரப்பினாள். அதையும் முடித்தேன். போத்தலோடு திரும்பவும் வந்தாள். என் வாயைக் கிளறத்தான் ஊற்றுகிறாள் போலும் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கணவரோ ஒலிவ் காய்களைக் கொறித்துக்கொண்டு, பாதிக் கிளாஸோடு மாப்பிள்ளை மாதிரிச் சாய்ந்திருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் சின்னக் கிளாஸ்களில் கறுப்பாக இன்னொன்று வந்தது. அமாரோ என்றார்கள், மூலிகைகள் ஊறிய மது, செமிப்பதற்கு. முதலாவதைவிடக் கசப்பு. அதையும் விழுங்கிவிட்டுக் கைப்பையை எடுத்தேன்.

"எழும்புங்கோ, போவம். இவவுக்கு எங்களைப் பிடிக்கேல்லை."

அந்த மனுசி மகளிடம் பிரெஞ்சில் மெதுவாக ஏதோ கேட்டாள். மகளின் முகம் கறுத்துப்போயிற்று.

"என்னவாம்?"

"அம்மா, இதுகளை உறிஞ்சி உறிஞ்சி, கதைச்சுக் கதைச்சுத்தான் குடிக்கிறவை. கிளாஸில இருக்குமட்டும் ஆக்கள் எழும்பமாட்டினம். நீங்கள் வந்ததிலயிருந்து மடக்கு மடக்கெண்டு குடிக்கிறியளாம். எப்ப ஓடலாம் எண்டு பாக்கிறியளோ, தன்ர பிள்ளையைப் பிடிக்கேல்லையோ எண்டு கேக்கிறா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஊற்றுவதா விடுவதா என்று தெரியாமல் அவள் போத்தலைக் கையில் பிடித்தபடி நின்றாள். என்னளவு சந்தேகம் பிடித்த இன்னொரு தாயை நான் அதுவரை கண்டதில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கிளாஸை நீட்டினேன். அவள் விளிம்புவரை ஊற்றினாள்.