எஸ்தரின் பெயரில் ஒரு பூ

அறுபதுகளில் பம்பாய் தாராவியில் எஸ்தருக்கும் எனக்கும் 'சால்' என்கிற ஒரே வரிசைக் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடு. ஊரிலிருந்து கடிதம் வந்தால் என்னிடம்தான் நீட்டுவாள். "ஏட்டி, கண்ணு வலிக்கு, நீயே வாசி" என்பாள். கண் டாக்டரிடம் போகச் சொல்லி அவளைத் திட்டியிருக்கிறேன்.

அவள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, வெள்ளைக் கைக்குட்டையில் சிவப்பு நூலால் அவள் பெயரைத் தைத்து, முடிவில் அழகுக்காக ஒரு பூவும் போட்டுக் கொடுத்தேன். வெகுநேரம் தடவிப் பார்த்தாள்.

"இது பூரா என் பேரா?"

"ஆமா" என்றேன், யோசிக்காமல்.

சர்ச்சில் தாலி கட்டி முடிந்ததும் போதகர் பதிவேட்டை நகர்த்தினார். எஸ்தரின் அம்மா தணிந்த குரலில், "அவளுக்கு எழுத வராதுய்யா, கைநாட்டு வைக்கட்டும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எழுதுதேன்" என்றாள் எஸ்தர்.

கைக்குட்டையை விரித்து வைத்துக்கொண்டு, என் தையல் போன வழியிலேயே ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ஒரு மாதமாக அடுப்புக்கரியால் தரையில் எழுதிப் பழகினாளாம். கடைசியில் அந்தப் பூவையும் இதழ் இதழாகப் போட்டுவிட்டுத்தான் பேனாவை வைத்தாள்.

இன்றும் அவள் கையெழுத்து அந்தப் பூவில்தான் முடிகிறது. அது எழுத்தல்ல என்று நான் இதுவரை சொன்னதில்லை.