பந்து விழுந்த இடம்

பஸ் டிப்போவில் அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னால் போகிற லாரி ஊர்ந்தாலும் சரி, பின்னால் வருகிறவன் ஹாரனை அலறவிட்டாலும் சரி, அவர் வாயில் வருவது ஒரே வார்த்தை: "நிதானமா போலாம்." பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் பாதியை டவுன் பஸ்ஸின் ஸ்டியரிங்கோடு கழித்த மனிதர், ஒரு சைக்கிள்காரனைக்கூட உரசியது கிடையாது. அந்தப் பெருமை அவருக்கு உண்டு, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

பஸ் ஓட்டுகிறவர் கோல்ஃப் ஆடுவாரா என்று மூக்கில் விரலை வைக்க வேண்டாம். டிப்போவின் பின்சுவரை ஒட்டி நகராட்சியின் மைதானம் ஒன்று இருந்தது. பணக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பாதி புல், பாதி கட்டாந்தரை. சுவரைத் தாண்டி வந்து விழுந்த பந்துகளைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் டிப்போக்காரர்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. மெக்கானிக், ஸ்டோர்கீப்பர், டிக்கெட் பரிசோதகர், நிதானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த நால்வரும் மைதானத்தில் இல்லை என்றால் உலகம் எங்கோ கோளாறாகிவிட்டது என்று அர்த்தம்.

கோளாறு அந்த வருடம் நிதானத்தின் கண்ணில் வந்தது. வலது கண்ணின் நடுவில் ஒரு புகை. முதலில் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்தார், கிளீனர் சரியில்லை என்று திட்டினார். பிறகு வயசு, தூக்கக் குறைவு, தூசு என்று ஒவ்வொன்றின் தலையிலும் பழியைப் போட்டார். அதற்குள் இடது கண்ணும் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கெட்டுப்போவதுபோலக் கெட ஆரம்பித்திருந்தது. நேராகப் பார்த்தால் நடுவில் மங்கல், ஓரங்களில் தெளிவு. ஆகவே அவர் எதையும் லேசாகத் தலையைச் சாய்த்துப் பார்க்கப் பழகிக்கொண்டார். வீட்டில் டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். "கண் டாக்டர்கிட்ட போலாமா?" என்று மனைவி கேட்டபோது, "கை நழுவிடுச்சும்மா, அதுக்கெல்லாம் கண் டாக்டரா?" என்று மழுப்பினார்.

கம்பெனி டாக்டரை ஏமாற்றியதுதான் பெரிய கூத்து. டிரைவர்களுக்குக் கண் பரிசோதனைக்கு மாட்டியிருந்த அட்டை பல வருடமாக அதே அட்டை. வரிசையில் வேண்டுமென்றே பின்னால் நின்றார். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவரும் உரக்கப் படிக்கப் படிக்க, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்ததுபோல மனப்பாடம் செய்துகொண்டார். தன் முறை வந்தபோது கடைசி வரிவரைக்கும் சரளமாகச் சொன்னார். டாக்டர் பாராட்டினார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. பயந்தார். ஆனால் வண்டியை விட்டு இறங்கினால் தான் யார் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குக்குக் காய்ச்சல். மற்ற இரண்டு பேருக்கும் டியூட்டி. வீட்டில் இருந்தால் மனைவி மறுபடியும் டாக்டர் பேச்சை எடுப்பாள் என்று நிதானம் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மைதானத்தில் யாரையும் தனியாக ஆட விடமாட்டார்கள். டோக்கன் கொடுக்கிறவர் ஆள் குறைகிற கூட்டத்தோடு சேர்த்துவிடுவார். கல்யாணத் தரகர் மாதிரி அவர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. "இவங்களோட போங்க" என்று ஒரு தம்பதியைக் கைகாட்டினார். கணவர் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கிற தரகர், ஆஜானுபாகு, ஆரஞ்சு நிற பனியன், ஓயாத வாய். மனைவி மருந்துக்கடை வைத்திருப்பவர், அளந்து பேசுகிறவர். கணவரைவிட நன்றாக ஆடுவார் என்பது முதல் அடியிலேயே தெரிந்துபோயிற்று.

அறிமுகமில்லாதவர்கள் சேர்ந்து ஆடும்போது முதலில் பந்துகளைக் காட்டிக்கொள்வது வழக்கம். எல்லாப் பந்தும் வெள்ளைதானே, மாறிவிடக் கூடாது. நிதானம் தன் பந்தில் மையால் போட்டிருந்த கறுப்புக் கோட்டைக் காட்டினார். தரகரின் பந்தில் சிவப்பு வட்டம். "சார் என்ன வேலை பார்க்கறீங்க?" என்றார் தரகர்.

"டவுன் பஸ் ஓட்டுறேன்."

"அடடே, அப்ப நேரா அடிப்பீங்க!" என்று தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

நேராகத்தான் அடித்தார். கைக்குப் பழக்கம் இருந்தது. பந்து மட்டையில் பட்ட சத்தம் கேட்டது, அதன் பிறகு வானம் அதை விழுங்கிவிட்டது. வழக்கம்போல அடுத்த சத்தத்துக்குக் காத்து நின்றார். அது வரவில்லை.

அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அடித்தவுடன் மெக்கானிக் கத்துவான்: "அண்ணே, இடப்பக்கம், வேப்பமரத்தடி!" ஸ்டோர்கீப்பர் சேர்ந்துகொள்வார்: "மணல் பள்ளத்துக்கு இந்தப் பக்கம்தான், கவலைப்படாதீங்க." பந்துக்குப் பக்கத்தில் போனதும் பரிசோதகர் தற்செயலாக அங்கே நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருப்பார். வாயாடிப் பயல்கள் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தார். இங்கே பந்து விழுந்த இடத்தைக் கத்திச் சொல்ல யாரும் இல்லை. மரியாதை தெரிந்தவர்கள், "நல்ல அடி" என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

"எங்க போச்சு?" என்றார் மெதுவாக.

"நேராத்தானே போச்சு? நீங்க பார்க்கலையா?" என்றார் மருந்துக்கடை அம்மா.

"வெயில்ல கண்ணு கூசிடுச்சும்மா."

வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்த அம்மா திரும்பி வெயிலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

பந்தைத் தேடி நடந்தார். காலால் புல்லைத் தடவித் தடவிப் போனார். அவருடைய பந்து அவர் செருப்புக்கு முன்னாலேயே கிடந்தது. தாண்டிப் போய்விட்டார். அந்த அம்மா கூப்பிட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. அடுத்த குழிக்கான ஆட்டத்தில் அதைவிட மோசம். வெள்ளையாக ஒன்று கண்ணில் பட்டதும் வேறு எதையும் பார்க்காமல் அடித்தார். அழகான அடி. குழியைக் காட்டும் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"சார், அது என் பந்து!" என்று தரகர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "சிவப்பு வட்டம் போட்டிருக்கேனே, இவ்ளோ பெருசா! நான் அடிச்சா அங்க போகாது, பரவாயில்ல, இன்னொரு தடவை அடிங்க."

நிதானமும் அசடு வழியச் சிரித்தார். உள்ளுக்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. இந்தப் புதிய மனிதர்கள் எதிரில் தனக்கு ஒன்றுமில்லை என்று காட்ட வேண்டும்போல ஒரு வீம்பு. யாருக்குக் காட்ட? அவர்களை இனி பார்க்கப்போவதே இல்லை. மனுஷனுக்கு வீம்பு வந்துவிட்டால் அதற்குக் காரணம் கேட்கக் கூடாது.

அடுத்த குழிக்குத் தூரம் அதிகம். மூவரும் முதல் அடியை அடித்தார்கள். நிதானத்தின் பந்துதான் பின்தங்கியிருந்தது. இந்தமுறை அவராகவே கண்டுபிடித்தார், கறுப்புக் கோட்டையும் குனிந்து சரிபார்த்தார். மனதுக்கு ஒரு தெம்பு வந்தது. பின்தங்கியவர் அடித்து முடிக்கும்வரை மற்றவர்கள் பின்னால் நிற்பதுதான் முறை. தரகருக்குப் பொறுமை ஏது? கைபேசியில் யாரிடமோ வாடகை வீடு பற்றிப் பேசிக்கொண்டே தன் பந்தை நோக்கி முன்னால் நடந்துவிட்டார். ஆரஞ்சு பனியனும் அவருமாக, கொடிக்கு நேராக, பட்டப்பகலில் போய்க்கொண்டிருந்தார்.

நிதானம் நிமிர்ந்து கொடியைப் பார்த்தார். பச்சை தெரிந்தது, அதன் நடுவில் வழக்கமான புகை தெரிந்தது. வழி காலியாக இருந்தது. மட்டையை ஓங்கினார்.

"ஐயோ, நில்லுங்க!" என்று அந்த அம்மா கத்துவதற்கும் மட்டை இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

பந்து தரகரின் காதை ஒட்டிப் போயிற்று. அவர் கைபேசியை எறிந்துவிட்டுத் தரையில் குப்புற விழுந்தார்.  மருந்துக்கடை அம்மா மட்டையை வீசிவிட்டு ஓடினார். நிதானத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிறகு தரகர் எழுந்தார், காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ரத்தம் இல்லை.

"யோவ், கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு?" என்று அங்கிருந்தே கத்தினார். "மாடு மாதிரி நடுவுல போயிட்டிருக்கேன்! என் தலை என்ன உனக்குக் கொடியா?"

"பார்க்கல... மன்னிச்சுக்கங்க, பார்க்கல..." என்றார் நிதானம்.

தரகர் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டினார். திட்டட்டும், உயிர் அவருடையது. அந்த அம்மாதான் நடந்து அருகில் வந்தார். அவர் கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தினமும் மருந்துச் சீட்டோடு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பழகிய கண்கள்.

"அவர் முன்னால போனது தப்புதான். ஆனா நீங்க பார்க்காம அடிக்கல. பார்த்துட்டுத்தான் அடிச்சீங்க. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார். "உங்களுக்கு அவர் தெரியவே இல்ல, இல்லீங்களா?"

நிதானம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு டியூட்டி இருக்கா?"

"இருக்கு. காலையில. பள்ளிக்கூட நேரம்."

அந்த அம்மா திரும்பி நடந்தார். கணவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

மைதானத்தின் வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சு. நிதானம் அதில் உட்கார்ந்தார். கைபேசியை முகத்துக்கு நெருக்கமாக வைத்து, ஓரக்கண்ணால் பார்த்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். பத்து வருடத்துக்கு மேலாக அவருடைய பஸ்ஸுக்கு பிரேக் பார்க்கிறவன். தம்பி மாதிரி.

"என்னண்ணே, ஆட்டம் முடிஞ்சுதா?" காய்ச்சல் குரல்.

"பந்து எங்க விழுதுன்னு ஏண்டா நீங்க எப்பவும் கத்துறீங்க?"

 அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"அண்ணே..." மெக்கானிக் இருமினான், அது பொய் இருமல். "உங்க மனசு கஷ்டப்படும்னுதான். ஆட்டத்துலதானே, போகட்டும்னு நாங்க பேசிக்கிட்டோம். நீங்க ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கு. அதுக்குள்ள உங்களை வீட்டுல உட்கார வைக்க யாருக்குண்ணே மனசு வரும்?"

"ஆட்டத்துல சரி. பஸ்ல?"

"நீங்க நிதானமா ஓட்டுவீங்கண்ணே. உங்களைவிட நிதானமா யார் ஓட்டுவா?"

நிதானத்துக்கு அந்த வார்த்தை சுட்டது. சட்டென்று வேறொன்று தோன்றியது. மெக்கானிக்கின் இரண்டு பெண்களும் அவருடைய பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போவார்கள், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே நின்று பெரியப்பா பெரியப்பா என்று தொணதொணப்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நாளாயிற்று. வளர்ந்துவிட்டார்கள், சைக்கிளில் போகிறார்கள் போல என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

"உன் பிள்ளைங்க எதுலடா ஸ்கூலுக்குப் போறாங்க?"

 மெக்கானிக்கின் குரல் உடைந்தது.

"நானே வண்டியில கொண்டு போய் விட்டுடறேண்ணே. கொஞ்ச மாசமா. தப்பா நினைச்சுக்காதீங்க."

நிதானம் தப்பாக நினைக்கவில்லை. அப்பன் என்றால் அப்படித்தான் செய்வான், தானும் அதைத்தான் செய்திருப்பார்.  அவனுக்கு அண்ணன் மேல் அன்பு இருந்தது, பொய் இல்லை. அதோடு, பெற்ற பிள்ளைகளை மட்டும் சத்தமில்லாமல் இறக்கிக்கொண்டு மற்றவர்கள் பிள்ளைகளை ஏற்றிவிட்டிருக்கிறான். ஓட்டியது யார்? அவர்தான். அட்டையை மனப்பாடம் செய்தது யார்? அவனா?

"சரிடா. மாத்திரை போட்டுட்டுப் படு" என்று வைத்துவிட்டார்.

 அழுகை வந்தது, துடைத்துக்கொண்டார். பிறகு டிப்போவுக்குப் போன் போட்டார். டியூட்டி போடுகிற கண்ட்ரோலர் எடுத்தார், எப்போதும் அவசரத்தில் இருக்கிற ஆள்.

"நாளைக்குக் காலையில என் வண்டிக்கு வேற ஆள் போட்டுக்குங்க."

"என்னங்க கடைசி நேரத்துல! லீவா? உடம்பு சரியில்லையா? நாளன்னைக்காவது வந்துடுவீங்களா?"

"இல்லைங்க" என்றார் நிதானம். "எனக்குக் கண்ணு தெரியல."